நீலியின் கண்ணீரும் நீலகேசியின் சொல்லும்

 

இராமநாதபுரத்திற்கு வடகிழக்கே, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், பாக் நீரிணையின் கரையில் அமைந்த சிற்றூர் தேவிபட்டினம். அங்கே கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. நவபாஷாணம் என்பது அவற்றின் பெயர். இலங்கைக்குப் புறப்படுமுன் இராமன் ஒன்பது கோள்களையும் வழிபட்டு நாட்டிய கற்கள் அவை என்பது அவ்வூர் வழக்கு. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் மறைந்தோரை நினைந்து மக்கள் அங்கே திரள்கின்றனர். பிள்ளையை இழந்த தாயும், கணவனை இழந்த மனைவியும் முழங்கால் அளவு நீரில் நின்று கடலைப் பார்த்து அழுவதை அங்கே காணலாம். மகிடாசுரனை வென்ற தேவி உறைந்த இடமாதலின் தேவிபட்டினம் என்று பெயர் வந்ததென்பர். ஊரின் பெயரில் ஒரு பெண் தெய்வம்; ஊரின் கரையில் கண்ணீரோடு நிற்கும் மானிடப் பெண்கள்.

இந்தக் காட்சி ஒரு வினாவை எழுப்புகிறது. தமிழ் நூல்களில் அச்சம் தரும் இடங்களெல்லாம், அதாவது சுடுகாடும் பாழிடமும் ஆளரவமற்ற கோயிலும், பெண்ணோடு சேர்த்தே பேசப்படுவது ஏன்? அவ்விடங்களில் பெண் தெய்வமாக நிற்கிறாள். அல்லது பேயாக அலைகிறாள். வணங்கப்படுகிறாள்; அல்லது விரட்டப்படுகிறாள். இவ்விரண்டிற்கும் இடையே, அவள் சொல்வதைக் கேட்பதற்கு ஒருவர் உண்டா? அந்த வினாவிற்கு விடை கூறும் நூல் ஒன்று தமிழ்ச் சமணர் கையில் இருக்கிறது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியே அது.

அந்நூலுக்குச் செல்லுமுன், தமிழ் இலக்கியத்தின் சுடுகாடுகள் சிலவற்றைக் காண்பது நலம்.

சிலப்பதிகாரத்தில் மாலதி என்னும் பெண்ணின் கதை வருகிறது. மாற்றாளின் மகவுக்கு அவள் பாலூட்டுகிறாள். பால் விக்கிக் குழந்தை இறந்துபோகிறது. பழி தன்மேல் விழுமென்று அஞ்சி, குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு கோயில் கோயிலாக ஓடுகிறாள். அப்போது இடாகினிப் பேய் இளம்பெண் வடிவில் வந்து அவ்வுடலை வாங்கித் தின்றுவிடுகிறது. பின்னர்ப் பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வம் அக்குழந்தையின் வடிவை ஏற்று அவளுடைய துயரைத் தீர்த்ததென்பது கதை. இதில் மாலதியை முதலில் வாட்டியது பேயன்று; செய்யாத குற்றத்திற்கு ஊர் தன்னைப் பழிக்கும் என்ற அச்சமே. பேய் வருவதற்கு முன்பே அவள் அஞ்சி நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் என்னும் சுடுகாட்டின் வரலாறு கூறப்படுகிறது. சார்ங்கலன் என்னும் அந்தணச் சிறுவன் தனியே அவ்வழிச் சென்று, அங்கே ஆடும் பேய்மகளைக் கண்டு நடுங்கி, தாயிடம் ஓடி வந்து உயிர்விடுகிறான். தாய் கோதமை மகனுடைய உடலைத் தழுவியபடி சம்பாபதி என்னும் காவல் தெய்வத்தை அழைத்து நீதி கேட்கிறாள். பேய் உயிரை உண்பதில்லை. உன் மகனின் அறியாமையும் பழவினையுமே அவன் உயிரைக் கொண்டன என்னும் கருத்துப்பட அத்தெய்வம் விடையளிக்கிறது. பௌத்த நூலாயினும் இந்தப் பேச்சு எல்லார்க்கும் பொதுவானது. பேயைக் கண்டவன் அச்சத்தால் இறந்தான். பிள்ளையைப் பறிகொடுத்த பெண்ணோ அச்சுடுகாட்டின் வாயிலில் நின்றே வழக்குரைத்தாள்.

சமணப் பெருங்காப்பியமாகிய சீவக சிந்தாமணியில் சுடுகாடு முற்றிலும் வேறொரு தோற்றம் கொள்கிறது. அமைச்சன் கட்டியங்காரனின் சூழ்ச்சியால் மன்னன் சச்சந்தன் மடிகிறான். நிறைசூலியாகிய அரசி விசயை மயிற்பொறியில் ஏறித் தப்புகிறாள். பொறி இறங்கிய இடம் நகர்ப்புறத்துச் சுடுகாடு. பிணம் எரியும் அவ்விடத்தில், நள்ளிருளில், அவள் சீவகனைப் பெற்றெடுக்கிறாள். அப்போது அங்கு உறையும் தெய்வம் அவளுக்குப் பழகிய தோழி சண்பகமாலையின் வடிவில் வந்து துணை நிற்கிறது. தன் இறந்த குழந்தையை அடக்கம் செய்ய வந்த கந்துக்கடன் என்னும் வணிகன் சீவகனைக் கண்டெடுத்துச் செல்கிறான். ஒரு குழந்தையைப் புதைக்க வந்தவன் மற்றொரு குழந்தையோடு வீடு திரும்புகிறான். ஊர் அஞ்சி ஒதுக்கிய இடத்தைத் திருத்தக்கதேவர் பிள்ளைப்பேறு நிகழும் இடமாக்கினார். அங்கு உறையும் தெய்வத்தைப் பேறு பார்க்கும் துணைவியாக்கினார். உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு இந்நூலைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமணக் குடும்பங்கள் அவருக்குச் சமயப் பொருளை விளக்கி உதவியதை அவரே நன்றியோடு பதிவு செய்துள்ளார். இத்தகைய பகுதிகள் இன்று தமிழர் அனைவரும் கற்கக் கிடைப்பதில் அக்குடும்பங்களுக்கும் பங்கு உண்டு.

இனி நீலியின் கதைக்கு வருவோம்.

தொண்டை நாட்டில், திருவாலங்காட்டை அடுத்து, பழையனூர் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர் நீலியின் கதை நாட்டார் வழக்கில் பல வடிவங்களில் வழங்கினாலும் அதன் சாரம் ஒன்றே. கணவன் ஒருவன் தன்னை நம்பிய மனைவியைக் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிறாள். மறுபிறப்பில் வணிகனாகப் பிறந்த அவனை வழியில் கண்டு, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு பின்தொடர்கிறாள். பழையனூர் வேளாளர் எழுபதின்மர் கூடிய மன்றில் நின்று, 'இவர் என் கணவர். என்னைக் கைவிட்டுச் செல்கிறார்' என்று அழுகிறாள். வணிகன் மறுக்கிறான்; அவளைக் கண்டு அஞ்சுகிறான். மன்றத்தார் அவளுடைய கண்ணீரை நம்புகின்றனர். 'உனக்கு ஏதேனும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருவோம்' என்று உறுதி கூறி அவனை அவளுடன் தங்க வைக்கின்றனர். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல் தவறாத எழுபதின்மரும் தீயில் இறங்கி உயிர்துறக்கின்றனர். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இந்நிகழ்ச்சியைச் சுட்டுவதால் கதையின் பழமை விளங்கும்.

வாய்மைக்காக உயிரீந்த வேளாளரின் பெருமையைத் தமிழகம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அக்கதையிலிருந்து மக்கள் பேச்சில் நிலைத்த சொல் எது? 'நீலிக் கண்ணீர்' என்பதே. பொய்யாக அழுபவரைக் குறிக்க இன்றும் அத்தொடரே எல்லார் வாயிலும் வருகிறது. கதையின் இரண்டாம் பகுதி பழமொழியாயிற்று, முதற்பகுதி மறக்கப்பட்டது. நீலி முதன்முதலில் அழுத கண்ணீர் பொய்க் கண்ணீரன்று. நம்பியவன் கையால் அவள் இறந்தபோது எந்த மன்றமும் கூடவில்லை. எந்தச் சான்றோரும் உறுதி கூறவில்லை. பெண்ணாக வாழ்ந்தபோது கேட்கப்படாத அவளுடைய குரல், பேயான பின்னர்தான் மன்றம் ஏறியது. அதுவும் பொய்யைத் துணைகொண்டு ஏறியது. உண்மைக்கு இடமில்லாத போது வஞ்சம் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதே இக்கதை உணர்த்தும் கசப்பான பாடம். அதற்காக நீலி செய்த கொலை நியாயமாகிவிடாது. கொலைக்குக் கொலை தீர்வாகாது என்பதை அறியச் சமணருக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆலங்காட்டில் மற்றொரு பெண்ணும் நிற்கிறார். அவர் காரைக்கால் அம்மையார். அழகிய உருவை வேண்டாமென்று துறந்து, பேய் வடிவைத் தாமே விரும்பிப் பெற்று, தம்மைக் காரைக்கால் பேய் என்றே பாடல்களில் அழைத்துக்கொண்டவர். ஒரே வட்டாரத்தில், ஒரு பெண் கொலையுண்டு பேயானாள். ஒரு பெண் இறையன்பால் பேயானார். சைவம் அம்மையாரை அறுபத்து மூவருள் ஒருவராக ஏற்றுப் போற்றியது. நீலிக்கோ மன்னிப்பும் இல்லை, மாற்றமும் இல்லை. அவளை ஏற்றுக்கொள்ள முன்வந்தது சமண நூல் ஒன்றே.

நீலகேசியின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. 10ஆம் நூற்றாண்டையொட்டி எழுந்த நூல் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். பத்துப் பகுதிகளையும் 894 பாடல்களையும் கொண்டது. மேருமந்தர புராணம் பாடிய வாமன முனிவர் இதற்குச் சமய திவாகரம் என்னும் சிறந்த உரையை வகுத்தார். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936ஆம் ஆண்டு மூலத்தையும் உரையையும் ஆங்கில ஆராய்ச்சி முன்னுரையோடு அச்சேற்றினார். அவர் அவ்வுழைப்பை மேற்கொண்டிராவிடில் ஏட்டுச் சுவடியிலேயே அடங்கிக் கிடந்திருக்கும் நூல் இது.

கதை இவ்வாறு தொடங்குகிறது. பாஞ்சால நாட்டில் புண்டவர்த்தனம் என்னும் நகரம். நகர்ப்புறத்தில் பலாலையம் என்னும் சுடுகாடு. அங்கே ஒரு காளி கோயில். அச்சுடுகாட்டில் முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர் தவம் செய்துகொண்டிருந்தார். அரசிக்கு மகன் பிறந்ததற்கு நன்றியாகக் காளிக்குப் பலியிட விலங்குகளை மக்கள் ஓட்டி வந்தனர். முனிவர் அவர்களைத் தடுத்து, குழந்தை பிறப்பது அவரவர் வினைப்பயனால் என்பதை விளக்கினார். தேவிக்கு ஏதேனும் படைத்தே ஆகவேண்டுமெனில், மண்ணால் விலங்கு செய்து வைத்துச் செல்லுங்கள் என்றார். மக்கள் இசைந்தனர். உயிர்கள் பிழைத்தன.

இவ்விடத்தில் யசோதர காவியம் கற்றோர்க்கு ஓர் ஐயம் எழலாம். மாவினால் செய்த கோழியைத் தேவிக்குப் பலியிட்ட யசோதரனும் அவன் தாயும் பல பிறவிகளில் துன்புற்றதாக அந்நூல் கூறுகிறதே, மாக்கோழி குற்றமாயின் மண் விலங்கு குற்றமாகாதோ என்பதே அவ்வையம். விடை உள்ளத்தின் நிலையில் இருக்கிறது. யசோதரன் மாக்கோழியை வாளால் வெட்டினான்; அங்கே கொல்லும் எண்ணம் இருந்தது; வெட்டுண்ட உருவத்தில் உயிர் இருப்பதாகவே அச்சடங்கு பாவித்தது. பலாலையத்தின் மண் விலங்குகளை எவரும் வெட்டவில்லை, வைத்துச் சென்றனர். கொலை எண்ணத்தைக் கொல்லாமை எண்ணமாக மாற்றுவதே முனிச்சந்திரரின் நோக்கம்.

பலி நின்றதால் அவ்விடத்துத் தேவதை வெகுண்டாள். முனிவரை அவளால் அகற்ற இயலவில்லை. ஆகவே தென்னாட்டில் தன்னினும் ஆற்றல் மிக்க பழையனூர் நீலியிடம் சென்று முறையிட்டாள். நீலி வந்தாள். முதலில் பேயுருக்கள் பல காட்டி மருட்டினாள், முனிவர் அசையவில்லை. அச்சத்தால் முடியாததை ஆசையால் முடிப்போமென்று, அந்நாட்டு இளவரசியின் வடிவெடுத்துத் தோழியர் சூழ வந்து மயக்க முயன்றாள். முனிவர் தம் ஞானத்தால் அவள் யாரென்பதை உணர்ந்து, அவளிடமே எடுத்துரைத்தார்.

இக்கட்டத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். வழக்கமான பேய்க்கதையில் இதற்குப் பின் என்ன நிகழும்? மந்திரவாதி வருவான், பேயின் உச்சி மயிரில் ஆணி அறைவான், மரத்தில் கட்டுவான், அல்லது குடத்தில் அடைத்துக் கடலில் எறிவான். முனிச்சந்திரரின் கையில் ஆணியும் இல்லை, கயிறும் இல்லை, வேப்பிலையும் இல்லை. அவர் அஞ்சவில்லை; ஆகவே வெறுக்கவும் இல்லை. தம்மைக் கெடுக்க வந்தவளுக்கு எதிரே அமர்ந்து, அறம் உரைத்தார். நீலி தன் பிழையை ஒப்புக்கொண்டாள், பொறுத்தருள வேண்டினாள், கேட்டாள், தெளிந்தாள். பொய் வடிவங்களால் வந்தவள் மெய்ப்பொருளைக் கற்றுக்கொண்டு எழுந்தாள். கொல்லாமையை நாடெங்கும் உரைப்பதே தன் கைம்மாறு என்று உறுதி பூண்டாள். நூலின் முதற்பகுதிக்குத் தருமவுரை என்பது பெயர்.

இது வெறும் கற்பனை நயமன்று. சமண தத்துவத்திற்கு முற்றிலும் இசைந்தது. பேய் என்று உலகம் கூறுவதைச் சமண நூல்கள் தனித்த தீயசக்தியாகக் கொள்வதில்லை. வியந்தர தேவர் எண்வகையினர்: கின்னரர், கிம்புருடர், மகோரகர், கந்தருவர், இயக்கர், இராக்கதர், பூதர், பிசாசர். பூதமும் பிசாசும் வினைவயத்தால் அப்பிறவி எய்திய உயிர்களே. பிறவி முடிந்தால் அவையும் நகரும். தேவ கதியில் உள்ள உயிர்களால் நோன்பு ஏற்க இயலாது. ஆனால் நற்காட்சி பெற இயலும். நற்காட்சியின் வாயில் பேய்க்கும் திறந்தே இருக்கிறது என்பது சமணத்தின் துணிபு. மேலும், நற்காட்சி உடையோர் ஏழு வகை அச்சங்களினின்றும் நீங்கியவர் என்று நூல்கள் கூறும். சுடுகாட்டில் அமர்ந்த முனிச்சந்திரர் அதற்குச் சான்று.

தெளிவு பெற்ற நீலகேசி என்ன செய்தாள்? வாதம் செய்தாள். முதலில் காம்பிலி நகரில் குண்டலகேசியைச் சந்தித்தாள். குண்டலகேசி பௌத்த நூல்களில் புகழ்பெற்ற பெண். தன்னைக் கொல்ல முயன்ற கள்வனாகிய கணவனை மலையிலிருந்து தள்ளி உயிர் பிழைத்தவள். வாதுக்கு அறைகூவி நாவற்கிளை நாட்டியவள். ஆக, கணவனால் கொலையுண்ட ஒருத்தியும், கணவனின் கொலைக்குத் தப்பிய ஒருத்தியும் அரசவையில் எதிரெதிரே நின்று, உயிர் என்பது என்ன, நிலையாமை என்பது என்ன என்று வாதிடுகின்றனர். தமிழ்க் காப்பியங்களில் இதற்கு ஒப்பான காட்சி அரிது. தங்களுக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றி அழுவதற்கென்று நூலாசிரியர் அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தவில்லை. மெய்ப்பொருளைப் பற்றிப் பேசவே நிறுத்தியிருக்கிறார்.

தோற்ற குண்டலகேசியிடம் அவளுடைய ஆசிரியர் யாரென்று கேட்டு அருக்கசந்திரனிடமும், அவனிடம் கேட்டு மொக்கலனிடமும், பின்னர்ப் புத்தரிடமுமே நீலகேசி சென்றதாக நூல் அமைகிறது. அதன்பின் ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேத வாதம், பூத வாதம் என்று வரிசையாக வாதிடுகிறாள். இது ஒரு சமயத்தாரின் வாத நூல். மறு தரப்பினரின் குண்டலகேசி முழுமையாகக் கிடைக்காமல் சில பாடல்களே எஞ்சியிருப்பதால், இரு பக்கமும் கேட்டுத் தீர்ப்புக் கூறும் நிலை இன்று எவருக்கும் இல்லை. அதனை நடுவுநிலையோடு ஒப்புக்கொள்வதே அநேகாந்தம் பேசுவோர்க்கு அழகு. ஆயினும் கொன்ற கையைவிட உண்ட வாய்க்குக் குறைந்த பழியில்லை என்று புலால் மறுப்பில் நீலகேசி காட்டும் உறுதி இன்றும் பொருந்துவதே.

நூலின் இறுதிப் பகுதியில் வரும் நிகழ்ச்சி சுவையானது. பிசாசகன் என்னும் பூதவாதி, ஐம்பூதங்களின் சேர்க்கையன்றி உயிர் என ஒன்றில்லை என்கிறான். புலனுக்குப் புலப்படாதது எதுவும் இல்லை என்பது அவன் கட்சி. காரண காரியங்களை எடுத்துக் கூறிய நீலகேசி, இறுதியில் தன் பழைய பேயுருவைச் சற்றே காட்டுகிறாள். பிசாசகன் நடுங்கிப் போகிறான். பின் அவனைத் தேற்றி அறிவுறுத்துகிறாள். ஒருகாலத்தில் முனிவரை மருட்ட எடுத்த அதே வடிவம் இங்கே உயிர் உண்டு என்பதற்குச் சான்றாகிறது. பழைய ஆற்றல் அழியவில்லை, திசை மாறியது. இந்நூலுக்கு நீலகேசித் தெருட்டு என்றும் பெயர் உண்டு. மருட்ட வந்தவள் தெருட்டுபவளானாள் என்பதை அந்த ஒரு சொல்லே உரைக்கிறது.

சமணர் வாழும் ஊர்களுக்கு அண்மையிலும் இத்தகைய மரபொன்று வழங்குகிறது. வந்தவாசியை அடுத்த பொன்னூரில் ஜ்வாலாமாலினி இயக்கியின் வழிபாடு தொன்மையானது. இந்திரநந்தி 939ஆம் ஆண்டில் வடமொழியில் இயற்றிய ஜ்வாலாமாலினி கற்பம் அவ்வழிபாடு தோன்றிய வரலாற்றைக் கூறுகிறது. ஏலாசாரியார் என்னும் முனிவருக்குக் கமலசிரீ என்றொரு மாணவி இருந்தாள்; நூல்கள் பல கற்றவள். பிரமராட்சசன் அவளைப் பற்றிக்கொண்டதால் அவள் அலறியும் சிரித்தும் அலைக்கழிந்தாள். முனிவர் நீலகிரி என்னும் குன்றின் உச்சியில் இயக்கியை வழிபட்டார். தோன்றிய இயக்கியிடம் தமக்கென எதையும் கேளாது, மாணவியின் விடுதலையை மட்டுமே வேண்டினார். அந்நீலகிரி பொன்னூரை அடுத்த குன்றே என்று அறிஞர் கொள்வர். இங்கும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கற்ற பெண்ணுக்குப் பேய் பிடித்தது. ஆசிரியர் அவளை மடத்திலிருந்து துரத்தவில்லை. அவளுடைய கல்வியே அதற்குக் காரணமென்றும் கூறவில்லை. அவளுக்காகத் தாம் மலையேறினார்.

தென்கோடியில் இசக்கி என்று வணங்கப்படும் தெய்வத்தின் பெயர் இயக்கி என்பதன் திரிபே. அங்கே வில்லுப்பாட்டில் நீலியின் கதையும் இசக்கியின் கதையும் ஒன்றாகவே கலந்து ஒலிக்கின்றன. சமணம் வளர்த்த இயக்கியும், மக்கள் அஞ்சிய நீலியும், பல நூற்றாண்டுகளில் ஒருத்தியாகிவிட்டனர்.

உரையின் தொடக்கத்தில் கண்ட கடற்கரைக்கே இப்போது திரும்ப வேண்டியிருக்கிறது. தேவிபட்டினம் இருக்கும் அதே இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில் ஏர்வாடி உள்ளது. பேய் பிடித்தது, செய்வினை வைத்தார்கள் என்று உறவினரால் கருதப்பட்டோர் பல சமயத்துக் குடும்பங்களிலிருந்தும் அங்குள்ள தர்காவை நாடி வருவது நெடுநாள் வழக்கம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், அவ்வூரில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். ஓட இயலாமல் 28 பேர் இறந்தனர். பழையனூரில் எழுபதின்மர் தாம் சொன்ன சொல்லுக்காகத் தாமே தீயில் இறங்கினர். ஏர்வாடியில் தீ வந்தபோது, பேய் பிடித்தவர் என்று பிறர் சொன்ன சொல்லால் கட்டுண்டு கிடந்தோர் எழுந்து வெளியேறவும் இயலவில்லை.

அந்நிகழ்ச்சிக்குப் பின் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று விதித்தது. ஏர்வாடியிலேயே வேண்டுதலோடு மருத்துவமும் சேர்ந்து கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. தர்காவிற்கு வருவோரின் நம்பிக்கையைப் பழிக்காமல், மருத்துவர் அங்கே சென்று அமர்ந்து அவர்கள் பேச்சைக் கேட்கின்றனர். பலாலையத்தில் முனிச்சந்திரர் செய்ததும் அத்தகையதே. கோயிலை இடிக்கச் சொல்லவில்லை, தேவியை இகழவில்லை, படைக்க வந்தோரைத் திருப்பி அனுப்பவும் இல்லை. கொலையை மட்டும் நீக்கினார். பேயாக வந்தவளைக் கட்டவில்லை, பேசினார்.

பெரியோர்களே! பேய் உண்டா இல்லையா என்ற வினாவில் இளைஞரும் முதியோரும் வேறுபடலாம். வியந்தரர் உண்டென்று ஆகமம் கூறுவதை நம்புவோரும் உளர். மனத்தின் நோயென்று மருத்துவம் கூறுவதை ஏற்போரும் உளர். இருவருக்கும் நீலகேசி உணர்த்தும் கடமை ஒன்றே. ஒரு வீட்டில் மருமகள் நள்ளிரவில் எழுந்து அழுதால், ஒரு பெண் திடீரென்று வேறு குரலில் பேசினால், பிள்ளை பெற்ற தாய் பிள்ளையைத் தொடவும் அஞ்சினால், முதலில் எழ வேண்டிய கேள்வி எந்தப் பேய் என்பதன்று. என்ன துயரம் என்பதே. அவளை அருகில் இருத்தி அச்சமின்றிக் கேட்க வேண்டும். மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சாட்டையும் புகையும் சங்கிலியும் ஹிம்சை. சொல்லால் புண்படுத்துவதும் ஹிம்சை. பூச்சிக்கும் தீங்கு நேராதவாறு பொழுது சாயுமுன் உண்ணும் குடும்பங்களில், அழுகின்ற ஒரு பெண்ணின் மனத்திற்குத் தீங்கு நேரலாகாது.

அடுத்த முறை 'நீலிக் கண்ணீர்' என்ற சொல் நாவில் எழும்போது சற்றே நின்று, அப்பெண்ணை முதலில் அழவைத்தவன் யார் என்று நினைப்பது நன்று. நீலகேசியின் ஒரு படி ஒவ்வொரு சமணர் இல்லத்திலும் இருக்க வேண்டும். பாட்டிமார் அக்கதையைப் பேரக்குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். பேய்க்கதை கேட்க விரும்பாத குழந்தை இல்லை. கதையின் முடிவில் பேய் ஓடிவிட்டது என்று சொல்வதற்கு மாறாக, பேய் உட்கார்ந்து கேட்டது, கேட்டுத் திருந்தியது, திருந்தி ஊருக்கெல்லாம் அறம் சொன்னது என்று சொன்னால், அக்குழந்தை இருட்டைக் கண்டு அஞ்சாது. அழுகின்றவரைக் கண்டு விலகவும் செய்யாது.

தேவிபட்டினத்தின் கடலில் நின்று அழும் தாய்மார் அனைவரின் துயரும் தணிக! எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி வாழ்க! அருகன் அறம் ஓங்குக!